மலர்க்கொடியின் உதாரண வாக்கியம்

மணவாளன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் ஜனம் திரண்டு வந்து கெஞ்சினாலும் சரி, தன் தலையில் கத்தி வைக்க விடப்போவதில்லை.

தீர்மானம் நிறைவேறியது குளியலறையில். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று. கல்யாணமான மனிதர்கள் உறுதியான தீர்மானம் எடுப்பதற்கு வீட்டில் வேறு இடம் கிடையாது. அங்கேயும் ஐந்து நிமிஷம்தான் அனுமதி.

"ஏங்க! உள்ளயே தூங்கிட்டீங்களா?" கதவு தட்டப்பட்டது.

"வர்றேன், வர்றேன்" என்றார் மணவாளன். உறுதி கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் விழவில்லை.

அந்த முடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மணவாளனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவரோடு படித்தவர்கள் எல்லாம் முன்பக்கம் மைதானமாகவும் பின்பக்கம் வேலியாகவும் திரிகிற காலத்தில், இவருக்கு மட்டும் நெற்றியிலிருந்து கிளம்பி, அலை அலையாக எழும்பி, பிடரியில் போய் இறங்குகிற கருகரு முடி. அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் 'மணவாளன் ஸ்போக்கன் இங்கிலீஷ்' நடத்துகிறார். வாசலில் ஒரு பேனர். அதில் 'தலை நிமிர்ந்து பேசுங்கள்' என்று எழுதி, பக்கத்தில் அவர் தலை. பேனரில் பாதி இடம் முடிக்கே போய்விட்டது. போன் நம்பரைக் காதுக்குக் கீழே கொஞ்சம் நெருக்கித்தான் போட முடிந்தது.

அந்த முடிக்குத்தான் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபத்து வந்தது.

மகள் இலக்கியா இன்ஜினியரிங் முடித்தவள். முடித்தவள் என்று சொல்ல விடாமல் கணக்குப் பேப்பர் ஒன்று காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போயிற்று. சென்னையில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லி, கணக்கில் பாஸானால் வரும் திங்கட்கிழமை சேரலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிட்டது. மூன்றாம் முறை எழுதியதன் ரிசல்ட் செவ்வாய்க்கிழமை வந்தது. ஐம்பத்திரண்டு மார்க். இலக்கியா போட்ட கத்தலில் எதிர்வீட்டுப் பூனை மதில் தாண்டியது. மணவாளன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகையை முடிப்பதற்குள் கலைமணி சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

"அப்பா, ஹயக்ரீவா! காப்பாத்திட்டப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, திருவந்திபுரம் மலைக்கு நாம போகணும். இவ பாஸாயிட்டா மொட்ட போட்டுக்கறதா வேண்டியிருந்தேன். அது வந்து—"

"மொட்டையா?" மணவாளனின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்குப் போயின. "யாரக் கேட்டு வேண்டின?"

"சாமியக் கேட்டுத்தான். நான் என்ன சொல்ல வர்றேன்னா—"

"நீ ஒண்ணும் சொல்லவாணாம்! இது என்ன உன் முடி மாதிரியா? எண்ணெய் வெச்சு, இழுத்துப் பின்னி, முதுகுல தூக்கிப் போட்டுட்டு அடுப்படிக்குப் போற முடியா? எனக்கு இது தொழில். புள்ளைங்க என் இங்கிலீஷக் கேட்டு வருதுன்னா நெனைக்கற? மொதல்ல இதப் பாத்துத்தான் மாடியேறி வருதுங்க. ஒரு பொம்பளைக்கு முடி போனா வீட்டுக்குள்ள இருந்துக்கலாம். நான் எப்படி போர்டு முன்னாடி நிக்கறது? சொல்லு!"

கலைமணி சொல்வதற்குத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தாள். திறந்த வாயோடு கணவனை ஒரு முறை பார்த்தாள். தன் பின்னலை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.

இருபத்து மூன்று வருஷத்தில் கலைமணி ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மணவாளன் அதைத் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் வேண்டுதல் என்று ஒன்று வந்துவிட்டால் அவ்வளவு லேசில் போய்விடுமா? சாயங்காலமே கலைமணி சட்டத்தைச் சொல்லிவிட்டாள். வேண்டுதல் முடியாமல் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்ப மாட்டாள். சாமிக்குச் சொன்னதைச் செய்யாமல் பெண்ணை பஸ் ஏற்றினால் அவளுக்கு ராத்திரி தூக்கம் வராது. கட்டில்மேல் புதுப் பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. ஒரு துணிகூட உள்ளே போகவில்லை.

மணவாளன் தப்பிக்கும் வழிகளை ஆராய்ந்தார். புதன்கிழமை காலையில் ஜலதோஷம் என்று தும்மிக் காட்டினார். கலைமணி நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். இல்லாத ஜலதோஷம் பத்தே நிமிஷத்தில் குணமாகிவிட்டது. இந்த வாரம் முழுக்க நாள் சரியில்லை என்றார். அவள் காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'சுபமுகூர்த்தம்' என்று சிவப்பில் போட்டிருந்தது.

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. நல்ல யோசனைதான். பின்னால் அதுவே வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியவில்லை.

"கலை, இப்ப வேண்டினது நீ. வேண்டினது புள்ளைக்காக. முடி இன்னார் தலையிலேருந்துதான் வரணும்னு சாமி கேக்குமா? குடும்பத்துல யார் குடுத்தாலும் ஒண்ணுதான்."

கலைமணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நெசமாவா சொல்றீங்க?"

"பின்ன? சாமி என்ன ஆதார் கார்டா கேக்கப் போவுது?"

"யார் குடுத்தாலும் சரியா? ஒருத்தருக்காக இன்னொருத்தர் குடுக்கலாமா?"

"தாராளமா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நான் எப்ப யோசிக்காம சொல்லியிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில்லில் இருக்கிற மைத்துனன் இளவரசுக்குப் போன் போட்டார்.

"மச்சான், நல்லா இருக்கியா? உங்க அக்கா ஒரு வேண்டுதல் வெச்சிருக்கு. தாய்மாமன்ங்கற முறையில நீ வந்து ஒரு மொட்ட போட்டுக்கிட்டீன்னா—"

"மாமா, வீடியோ கால்ல வாங்க" என்றான் இளவரசு.

வந்தார். இளவரசு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். திரை முழுக்க பளபளவென்று ஒரே வெளிச்சம்.

"எனக்கு எங்க மாமா இருக்குது முடி? காதோரம் நாலு நிக்கிது, அதுவும் அடுத்த வாரம் வரைக்கும் நிக்குமான்னு தெரியல. இதக் கொண்டுபோய்க் குடுத்தா சாமிக்கே கோவம் வரும் மாமா."

மணவாளன் போனை வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலைமணி, கீழே வைத்த கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதுவும் அவருக்கு நல்லதாகவே பட்டது.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. மணவாளன் வாட்ஸப்பில் 'தினம் ஒரு சொல்' என்று ஒரு குரூப் நடத்துகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பேனரில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் யாரும் சேர்ந்துகொள்ளலாம். காலையில் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக் குரல் பதிவு போடுவார். ஆளுக்கொரு உதாரண வாக்கியம் எழுத வேண்டும். எதுவும் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, சொந்த வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டும். அதுதான் விதி. நன்றாக எழுதினால் பத்துக்குப் பத்து.

அன்றைக்கு அவர் வாயில் வந்தது 'ஃபேஸ் அப் டு'. ஏன் வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குளியலறைக் கண்ணாடியில் இரண்டு நாளாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

"வணக்கம் நண்பர்களே" என்று கணீரென்று ஆரம்பித்தார். "ஒரு கஷ்டத்த ஃபேஸ் பண்றதுங்கறது வேற, ஃபேஸ் அப் டு பண்றதுங்கறது வேற. பல்லு வலிக்குது. பொறுத்துக்கிட்டு திரியறோம். அது வெறும் ஃபேஸ். ஆமாம், என் பல்லு சொத்தைதான், இத்தன நாளா நான் பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருந்தேன்னு ஒத்துக்கிட்டு, டாக்டர் முன்னாடி போய் வாயத் தொறக்கறோம் பாருங்க, அதுதான் ஃபேஸ் அப் டு. அதாவது மொதல்ல ஒத்துக்கணும். அப்புறம் ஓடக் கூடாது. அப்புறம் ஆகவேண்டியதச் செய்யணும். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் அந்தச் சொல்லப் போடாதீங்க. அந்த 'டு'க்குப் பின்னாடி உங்க கஷ்டத்தோட பேரு கட்டாயம் வரணும். மறக்காதீங்க."

வாக்கியங்கள் வந்து விழுந்தன. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற தவ்ஹீத், ஹாஸ்டல் சாம்பாரைத் தன்னால் ஃபேஸ் அப் டு பண்ண முடியவில்லை என்று எழுதியிருந்தான். "தம்பி, நீ சாம்பார ஃபேஸ் மட்டும்தான் பண்ண முடியும். ஒத்துக்கிட்டுத் திருந்த வேண்டியவரு சமையக்காரர். அவருதான் ஃபேஸ் அப் டு பண்ணணும்" என்று திருத்தினார். பதினாறு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். மணவாளனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

அடுத்து மலர்க்கொடி.

இந்த மலர்க்கொடி மூன்று மாதமாகக் குரூப்பில் இருக்கிறாள். படத்தில் முகம் கிடையாது; செம்பருத்திப் பூதான். வீட்டில் இருக்கிற பெண்மணி என்று மட்டும் தெரியும். ஆரம்பத்தில் தட்டுத் தடுமாறினாள். இப்போது காலேஜ் பிள்ளைகளை எல்லாம் தாண்டிவிட்டாள். மணவாளனுக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மலர்க்கொடி புராணம்தான்.

"மலர்க்கொடின்னு ஒரு அம்மா. என்ன அறிவு, என்ன அறிவு! வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு எப்படிப் படிக்குது தெரியுமா? மனசு இருந்தா எந்தப் பொம்பளையும் படிக்கலாம். சில பேருக்கு அந்த மனசு இல்ல" என்பார், கலைமணியைப் பார்த்துக்கொண்டே.

கலைமணிக்கு மனசு இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். "எனக்கும் நாலு வார்த்தை சொல்லிக் குடுங்களேன். நாளைக்கு இவ சென்னைக்குப் போயிட்டா, ஆபீஸ்ல யாராச்சும் போன எடுத்து இங்கிலீஷ்ல பேசினா நான் என்னன்னு சொல்லுவேன்?" மணவாளன் வாய்விட்டுச் சிரித்தார். "மொதல்ல நீ வெக்கிற கத்தரிக்கா கொத்சுக்கு ஸ்பெல்லிங் சொல்லு, பாப்போம்" என்றார். கலைமணி அதற்கப்புறம் கேட்கவில்லை. அதையும் அவர் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை மலர்க்கொடி எழுதியிருந்தாள்: "மை ஹஸ்பெண்ட் டஸ் நாட் ஃபேஸ் அப் டு மை ப்ராமிஸ்."

மணவாளன் உற்சாகமாகத் திருத்தினார். வாக்கைக் காப்பாற்றுவதற்கு வேறு சொல் இருக்கிறது. வாக்கினால் தலைமேல் வந்த பொறுப்பு இருக்கிறதே, அதைத்தான் ஃபேஸ் அப் டு பண்ண வேண்டும். ஆகவே ப்ராமிஸை எடுத்துவிட்டு 'ரெஸ்பான்சிபிலிட்டி' போடவும்.

நன்றி சொல்லிவிட்டு, மலர்க்கொடி தமிழில் ஒரு சந்தேகம் கேட்டாள். 'சார், என் பிள்ளைக்காக நான் ஒரு வாக்கு கொடுத்துவிட்டேன். பொறுப்பு என்னுடையது. எனக்குப் பதில் என் கணவர் அதை ஃபேஸ் அப் டு பண்ணலாமா? இங்கிலீஷில் அதற்கு இடம் இருக்கிறதா?'

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் மணவாளன் பிறந்ததிலிருந்து காத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவை அழுத்தினார்.

"அருமையான கேள்வி மலர்க்கொடி அம்மா! இங்கிலீஷ்ல இடம் இருக்கு. தமிழ்லயும் இருக்கு. பொண்டாட்டி குடுத்த வாக்கு புருஷன் குடுத்த வாக்குதான். அது உன் பாடு, எனக்கென்னன்னு ஒதுங்கறவன் என்னங்க புருஷன்? சாக்கு சொல்றது, சளி புடிச்சிருக்குங்கறது, நாள் சரியில்லங்கறது, இதெல்லாம் கோழைங்க வேலை. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கச் சொல்லுங்க!"

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதற்குத் தனிக் காரணம் இல்லை. வீட்டுப் பாடம் எல்லாவற்றுக்கும் அவர் கொடுக்கிற கெடு அதுதான். நூற்று நாற்பது பேர் கை தட்டும் பொம்மை போட்டார்கள்.

மலர்ந்த முகத்தோடு சாப்பிட வந்தார். இரண்டு நாளாக வீட்டில் உப்புமாதான். உப்புமாவையும் மலர்ந்த முகத்தோடு சாப்பிட்டார்.

"அந்த மலர்க்கொடியோட புருஷன நெனச்சாதான் எரிச்சலா வருது கலை. பொண்டாட்டி வாக்க மதிக்காத தடியன். எவனோ தெரியல."

"தடியன்னு சொல்லாதீங்க" என்றாள் கலைமணி. "மனுஷன் நல்லவராத்தான் இருப்பாரு. கொஞ்சம் தலக்கனம் ஜாஸ்தியா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் மணவாளன் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். சீப்பு கையில். கூடத்திலிருந்து ஒரு கணீர்க் குரல் கேட்டது. 'சாக்கு சொல்றது, சளி புடிச்சிருக்குங்கறது, நாள் சரியில்லங்கறது, இதெல்லாம் கோழைங்க வேலை...'

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஒரு கணம் ரசித்தார். அடுத்த கணம் சீப்பு கீழே விழுந்தது.

கூடத்தில் கலைமணி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இலக்கியாவின் போன் அவள் மடியில் பாடிக்கொண்டிருந்தது.

"இது எப்படி உனக்கு..."

"நான்தாம்ப்பா போட்டுக் காட்டினேன்" என்றாள் இலக்கியா. "நானும் குரூப்ல இருக்கேன் இல்ல?"

"அது பாடம்! வீட்டு விஷயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள் கலைமணி. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா இது தமிழ்லயே இருக்குது பாருங்க. இன்னொரு தரம் போடட்டா?"

"வாணாம்!"

"பொண்டாட்டி குடுத்த வாக்கு புருஷன் குடுத்த வாக்குன்னீங்க. எதுத்த வீட்டு செல்லாயி அக்காகூட கேட்டுட்டு, இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டின்னு சொல்லிட்டுப் போவுது. நான் என்னத்தச் சொல்ல?"

மணவாளன் பதில் தேடினார். ஆங்கிலத்திலும் தேடினார், தமிழிலும் தேடினார். அப்போது இலக்கியா எழுந்து வந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்ப்பா. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். மூணாவது தரம் எழுதப் போனப்ப, மூணு மணி நேரமும் வெயில்ல கேட்டுக்கு வெளியவே நின்னீங்க. ஜன்னல் வழியா உங்க தல தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதப் பாத்துப் பாத்துத்தான் எழுதினேன். எனக்கு அதுவே போதும்ப்பா."

இதற்கு மேல் எந்த மனிதனுக்குத்தான் மனசு தாங்கும்? மணவாளன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில்மேல் அந்தக் காலிப் பெட்டி இன்னமும் வாயைத் திறந்தபடியே கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில மொத பஸ்" என்றார்.

மறுநாள் காலை இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு வந்தது. பெட்டிக்குள் துணிகள் போயின.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரு பஸ், திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி திருவந்திபுரத்துக்கு ஒரு டவுன் பஸ். இரண்டு பஸ்ஸிலும் மணவாளன் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. காற்றில் கலையுமாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் தரைக்குப் போகப்போகிற முடியைக் கையால் அணைத்துப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்.

மொட்டை போடுகிற இடத்தில் நாலு குடும்பங்கள் காத்திருந்தன. மணவாளன் முறை வந்தது. கத்தியோடு நின்ற அருண்பாண்டியன் என்கிற இளைஞர் அவர் தலையில் தண்ணீர் தெளித்து, முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "சார், மேல கறுப்பா இருக்கு, அடியில வெள்ளையா இருக்குது. எத சார் சாமிக்குக் குடுக்கறீங்க?"

"ரெண்டையும்தான்! சத்தம் போடாம வேலையப் பாருப்பா."

ஆம், அது ஒரு ரகசியம். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மணவாளனுக்கு லீவு கிடையாது. கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு, தலை முழுக்க டையைப் பூசி, யார் கதவைத் தட்டினாலும் திறக்காமல் முக்கால் மணி நேரம் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். இந்த உலகத்தில் அது கலைமணிக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை சண்டையிலும் அவள் அதை வெளியே விட்டதில்லை.

கத்தி முதல் இழுப்பு இழுத்தபோது மணவாளன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டாவது இழுப்பில் ஒரு கண்ணைத் திறந்தார். கலைமணி எதிரே கைகூப்பி நின்றிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சாமியிடம் ஏதோ நீளமாக விளக்கம் சொல்வது போல் இருந்தது. தனக்காகத்தான் இப்படி உருகி வேண்டுகிறாள் என்று நினைத்து மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு நின்றபோது ஒரு ஆச்சரியம் நடந்தது. தலைக்குள் ஜில்லென்று காற்று போனது. அப்பாடா என்று இருந்தது. இனி சீப்பு கிடையாது. கொல்லைப்புறம் கிடையாது. மழையில் நனையலாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரலாம். வளர்ந்து வரும்போது வெள்ளையாகத்தான் வரும். மொட்டை போட்டதில் இப்படி ஆகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம்! பதினோரு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தது போல, உடம்பே லேசாகிவிட்டது அவருக்கு. இதற்கா நாலு நாள் பயந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மலைப்படி ஏறி ஹயக்ரீவரைச் சேவித்தார்கள். இலக்கியா அப்பாவின் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். "நல்லாத்தாம்ப்பா இருக்கீங்க. இப்பதான் உங்க மூஞ்சியே தெரியுது." கலைமணியும் சிரித்தாள். வாரம் முழுக்க அவள் முகத்தில் இருந்த இறுக்கம் காணாமல் போயிருந்தது. நாளைக்குப் பிள்ளையை நிம்மதியாக பஸ் ஏற்றலாம்.

திரும்பும் பஸ்ஸில் மணவாளன் ஜன்னல் பக்கம் தைரியமாக உட்கார்ந்தார். பக்கத்தில் கலைமணி. முன் சீட்டில் இலக்கியா, காதில் ஹெட்போனோடு. கடலூர் தாண்டியதும் தலையில் மோதிய காற்றில் கண் சொருகியது. நாளைக்கு வகுப்பில் ஃபேஸ் அப் டு பாடத்துக்குத் தானே நேரடி உதாரணமாக நிற்கப்போவதை நினைத்துச் சிரித்துக்கொண்டார். பேனரை மாற்றிவிடலாம். போன் நம்பரைப் பெரிதாகப் போட இப்போது நிறைய இடம் இருக்கிறது.

போன் 'டிங்' என்றது. மலர்க்கொடி.

"சார், அட் லாஸ்ட் மை ஹஸ்பெண்ட் ஹாஸ் ஃபேஸ்ட் அப் டு மை ரெஸ்பான்சிபிலிட்டி. டுடே, அட் திருவந்திபுரம்."

மணவாளன் துள்ளிவிட்டார். "கலை! இங்க பாரு! அந்த மலர்க்கொடி புருஷன் திருந்திட்டான்! அவுங்களும் இன்னிக்கு திருவந்திபுரத்துக்குத்தான் வந்திருக்காங்க. அடடா, தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாமே! எல்லாம் என் பேச்சக் கேட்டுத்தான்!"

கலைமணி தலை நிமிரவில்லை. மடியில் வைத்திருந்த போனில் கட்டைவிரலால் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி 'டிங்'.

"இட் வாஸ் மை ஹேர், சார். ஐ ப்ராமிஸ்ட் மை ஹேர்."

அதன் கீழே ஒரு படம். பஸ் ஜன்னலோரம், சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை. காதோரம் ஒரு மச்சம். அந்த மச்சத்தை மணவாளனுக்கு நாற்பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

மெதுவாகத் திரும்பினார்.

"நீயா?"

"நான்தான் சார்."

"அப்ப மொட்ட... வேண்டிக்கிட்டது..."

"நான் போட்டுக்கறதாத்தான் வேண்டினேன். என் முடிய. அதத்தான் செவ்வாய்க்கிழமை சொல்ல வந்தேன். நீங்கதான் ஒண்ணும் சொல்லவாணாம்னுட்டீங்க. எண்ணெய் வெச்சு இழுத்துப் பின்னி முதுகுல போடற முடின்னு வேற சொன்னீங்க. எனக்கும் அதத் தடவிப் பாத்தப்ப, இருக்கட்டுமேன்னு ஒரு ஆச வந்துடுச்சு."

"சாமி?"

"சாமிகிட்ட அவ்வளவு நேரம் அதத்தான் சொல்லிக்கிட்டு நின்னேன். குடும்பத்துல யார் குடுத்தாலும் ஒண்ணுதான்னு எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாருன்னேன். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன்."

முன் சீட்டில் ஹெட்போன் போட்டிருந்த இலக்கியாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தன் பழைய போனில் புது சிம்மும் செம்பருத்திப் படமும் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தவள் அவள்தான். கலைமணி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்பு வரை வந்தது. கடலூரில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை அதில் அசைந்தது.

"வாக்கியத்துல தப்பு இருந்தா திருத்துங்க சார்."

மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையோடு தப்புத் தேடினார். ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. வழவழவென்றிருந்த தலையைத் தடவிக்கொண்டே மலர்க்கொடிக்குப் பத்துக்குப் பத்து போட்டார்.